தகரக் கூரைக்கு மூன்று கொட்டேஷன்கள்: எதை எதனுடன் ஒப்பிடுவது?

3 ஜூன் 2024, கடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

எங்கள் வீடு கடலிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மொட்டை மாடி 30 அடிக்கு 40 அடி. வெயிலுக்கும் தளத்தில் இறங்கும் ஈரத்துக்குமாகச் சேர்த்து, மாடி முழுவதும் ஷீட் கூரை போட முடிவு செய்திருக்கிறோம். மூன்று பட்டறைகளில் விலை கேட்டோம். முதலாமவர் சதுர அடிக்கு 215 ரூபாய், இரண்டாமவர் 265, மூன்றாமவர் 290 என்கிறார்கள். மூவருமே “0.50 கலர் ஷீட், ஜி.ஐ. பைப்” என்றுதான் எழுதித் தந்திருக்கிறார்கள். பொருள் ஒன்றுதான் என்றால் 1,200 சதுர அடிக்கு 90,000 ரூபாய் வித்தியாசம் வருகிறதே, 215 சொன்னவருக்கே முன்பணம் கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். கொடுக்கலாமா?

3 ஜூன், இரவு

முன்பணம் கொடுக்க வேண்டாம். மூவரிடமும் தொலைபேசியில் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். சதுர அடி என்று அவர்கள் சொல்வது எந்த அளவு? வரி உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? கூரை சுவரைத் தாண்டி எத்தனை அடி நீட்டிக்கொண்டு நிற்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத வரை 215, 265, 290 ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு அளவுகோல்களில் எடுத்த எண்கள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

4 ஜூன்

பதில்களை உடனே வாங்கி அனுப்பியதற்கு நன்றி. முதலாமவர் “ஷீட் அளவு, பில் வேண்டுமென்றால் வரி தனி” என்கிறார். இரண்டாமவர் வேலை முடிந்தபின் கூரைப் பரப்பை டேப் பிடித்து அளந்து கணக்கிடுவார், வரி உள்ளே. மூன்றாமவர் மாடியின் அளவுக்கு மட்டும் கணக்கிடுவார்; வரி உள்ளே. நான்கு புறமும் ஒன்றரை அடி நீட்டல் வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருப்பதால், அதையே வைத்துக் கணக்குப் போடுவோம்.

மாடி 30க்கு 40 என்றால் 1,200 சதுர அடி. ஒன்றரை அடி நீட்டல் சேர்ந்தால் 33க்கு 43 ஆகிறது. தரையில் விழும் நிழலின் அளவு 1,419. நடுவில் முகடு வைத்து இரண்டு பக்கமும் பத்து பாகைச் சரிவு கொடுத்தால், ஒரு பக்கச் சரிவின் நீளம் பதினாறரை அடியிலிருந்து 16.75 அடியாகக் கூடும். இரண்டு பக்கமும் சேர்த்துக் கூரைப் பரப்பு 1,441 சதுர அடி. இதுதான் இரண்டாமவரின் கணக்கு.

இனி ஷீட் அளவு. கடையில் மூன்றரை அடி அகலம் என்று விற்கும் ஷீட்டின் முழு அகலம் ஏறத்தாழ 1,070 மில்லிமீட்டர். ஆனால் ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி உட்கார வேண்டுமல்லவா, அதனால் அது உண்மையில் மூடுவது ஏறத்தாழ 1,010 மில்லிமீட்டர்தான். 43 அடி நீளத்துக்குப் பக்கத்துக்கு 13, இரண்டு பக்கத்துக்கும் 26 ஷீட். ஒவ்வொன்றையும் 17 அடி நீளத்துக்கு வெட்டி வாங்கினால், 26 × 17 × 3.5 = 1,547 சதுர அடி. முதலாமவர் இந்த எண்ணைத்தான் 215 ஆல் பெருக்குவார்.

ஆக, முதலாமவர் 3,32,605 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 3,92,474. இரண்டாமவர் 3,81,865. மூன்றாமவர் 3,48,000. சதுர அடி விலையில் மிகக் குறைவாகத் தெரிந்தவர் மொத்தத்தில் மிக அதிகமாகவும், மிக அதிகமாகத் தெரிந்தவர் மிகக் குறைவாகவும் நிற்கிறார்கள். இதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு பட்டறையிலும் பரம்பரையாக ஒரு கணக்கு முறை இருக்கிறது, அவ்வளவுதான்.

பில் இல்லாமல் வாங்கினால் முதலாமவர் மலிவு என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். பில் இல்லாத ஷீட்டுக்கு உத்தரவாதம் கேட்க முடியாது. கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர் விட்டுக்கொடுக்கக் கூடாத காகிதம் அது.

4 ஜூன், சற்று நேரம் கழித்து

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாமவர் மாடி அளவுக்குத்தான் கணக்கு என்றால், ஒன்றரை அடி நீட்டலை அந்த விலைக்குள் நான்கு புறமும் தருகிறாரா, அல்லது தண்ணீர் வடியும் இரண்டு பக்கம் மட்டும் தருகிறாரா என்று எழுத்தில் வாங்குங்கள். முகடு முடியும் பக்கங்களில் நீட்டல் இல்லாவிட்டால், ஐப்பசி கார்த்திகைச் சாரல் நேராக மாடிக்குள் வரும்.

5 ஜூன்

“0.50 கலர் ஷீட்” என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் ஆண்டுக்கணக்காக ஓர் ஆலையின் கொள்முதல் பிரிவில் விலைப்புள்ளிகளைப் படித்துக்கொண்டிருப்பவன். ஒரு பொருளின் பெயர் எவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு தூரம் அதற்குள் ஆட்கள் நடமாட இடம் இருக்கிறது என்று பொருள்.

முதலில் தடிமன். 0.50 என்பது பூச்சும் பெயிண்டும் சேர்ந்த மொத்தத் தடிமனா, உள்ளே இருக்கும் எஃகின் தடிமனா? சந்தையில் பெரும்பாலும் மொத்தத் தடிமனைத்தான் சொல்கிறார்கள். நல்ல அலுமினிய-துத்தநாகப் பூச்சு இரண்டு முகத்துக்கும் சேர்த்து 0.04 மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும். மேல்முகப் பெயிண்டும் அடிமுகப் பெயிண்டும் சேர்ந்து 0.03க்கு மேல் எடுக்கும். எஃகு என்று எஞ்சுவது ஏறத்தாழ 0.425. இதே கணக்கில் 0.45 ஷீட்டுக்குள் இருக்கும் எஃகு 0.375. பெயரளவில் பத்து சதவீதம் குறைவாகத் தெரிவது, எஃகில் பன்னிரண்டு சதவீதக் குறைவு.

அடுத்தது பூச்சு, உங்கள் ஊருக்கு இதுதான் தடிமனைவிட முக்கியம். வெறும் துத்தநாகம் பூசியது ஜி.ஐ.; 55 சதவீத அலுமினியமும் மீதியில் பெரும்பகுதி துத்தநாகமும் சிறிது சிலிக்கானும் கலந்து பூசியதைப் பொதுவாகக் கால்வால்யூம் என்கிறார்கள். இரண்டின் மேலும் நீலமோ சிவப்போ பெயிண்ட் அடித்தபின் கண்ணால் பிரித்தறிய முடியாது. இரண்டுமே “கலர் ஷீட்”தான். பூச்சின் எடையை ஏ.இசட். 70, ஏ.இசட். 100, ஏ.இசட். 150 என்று குறிப்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு முகமும் சேர்த்து அத்தனை கிராம் என்று பொருள். உப்புக்காற்று வரும் இடத்தில் 150க்குக் குறைவாக நான் எடுக்க மாட்டேன். பூச்சு எடை எழுதாத கொட்டேஷனில் 70தான் வரும் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெயர் பெற்ற ஆலைகள் ஷீட்டின் அடிப்பக்கத்தில் பெயர், தடிமன், பூச்சு எடை ஆகியவற்றை இடைவெளி விட்டு அச்சடித்தே அனுப்புகின்றன. பட்டறைக்காரரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்கள். அச்சு இல்லையென்றால் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கலாம். அது தடிமனைச் சொல்லும், பூச்சைச் சொல்லாது.

7 ஜூன்

ஷீட்டைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். வித்தியாசம் அதிகமாக ஒளிந்திருப்பது அதைத் தாங்கும் பைப்பில். “60க்கு 40 ஜி.ஐ. பைப்” என்று மட்டும் எழுதினால் சுவர்த்தடிமன் 1.2 மில்லிமீட்டராகவும் இருக்கலாம், 2 மில்லிமீட்டராகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான். முனையில் மூடி போட்டுப் பற்றவைத்துவிட்டால் அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

எடை மட்டும் மறைக்க முடியாதது. இருபது அடி நீளமுள்ள 60க்கு 40 பைப், 2 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 18 கிலோ நிற்கும், 1.2 மில்லிமீட்டர் என்றால் 11 கிலோதான். என் மாடிக்கு வேலை நடந்தபோது, இறக்கிய பைப்புகளில் ஒன்றை எடுத்து எதிரிலிருந்த பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தேன். தராசுக்காரர் என்னைவிட முந்திக்கொண்டு, “இது ஒன்றரைதான் சார், ரெண்டு இல்லை” என்றார். முள் பதினான்கைச் சற்றுத் தாண்டி நின்றது. நான் பேசிய பைப் 2 மில்லிமீட்டர். வண்டியைத் திருப்பி அனுப்பினேன். மாலைக்குள் சரியான சரக்கு வந்தது. பட்டறைக்காரர் சண்டை போடவில்லை. தராசு பேசியபின் பேச என்ன இருக்கிறது?

இந்த வித்தியாசத்தின் விலையையும் பார்த்துவிடுங்கள். உங்கள் கூரையில் ஒவ்வொரு சரிவிலும் நான்கடிக்கு ஒன்றாக ஐந்து வரிசை பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப், ஓடும். இரண்டு சரிவிலும் சேர்த்துப் பத்து வரிசை, வரிசைக்கு 43 அடி, ஆக 430 அடி. அதாவது இருபத்திரண்டு பைப். பைப்புக்கு 7 கிலோ வித்தியாசம் என்றால் 150 கிலோ. கிலோ 75 ரூபாய் என்றே வைத்தாலும் ஏறத்தாழ 11,000 ரூபாய். நான்கு லட்சம் ரூபாய் வேலையில் வெறும் 11,000 ரூபாய்க்காகத்தான் பர்லினில் பாதிக்குச் சற்றுக் குறைவான இரும்பு காணாமல் போகிறது. தூண்களுக்கும், பர்லினைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ்ஸுக்கும் இதே கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும்.

8 ஜூன்

இன்றைக்கு எழுதப்போவதுதான் இந்த இழையில் எனக்கு மிக முக்கியமானது. மற்றவற்றைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் உங்கள் கடலூருக்கும் எங்கள் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரை கடந்தது. மறுநாள் எங்கள் அடுத்த தெருவில் ஒரு மாடிக் கூரை பக்கத்து மனையில் கவிழ்ந்து கிடந்தது. ஷீட் கிழியவில்லை, திருகு பிடுங்கவில்லை, பற்றவைப்பு விடவில்லை. கூரை சட்டத்தோடும் தூணோடும் முழுதாகவே எழுந்து போயிருந்தது. தூண்களின் அடித்தகடுகளில் தட்டோட்டின் துண்டுகளும் செங்கல் ஜல்லியும் போல்ட்டைச் சுற்றி அப்படியே ஒட்டியிருந்தன. கான்கிரீட்டின் துகள் ஒன்றுகூட இல்லை.

நம் ஊர் மொட்டை மாடியின் மேல்முகம் கான்கிரீட் இல்லை. கான்கிரீட் தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து மூன்று நான்கு அங்குலம் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். நான்கு அங்குல ஆங்கர் போல்ட்டை மேலேயிருந்து துளையிட்டு இறக்கினால், அது முழுக்க அந்தச் சுண்ணாம்புக் கலவைக்குள்ளேயே முடிந்துவிடும். முறுக்கும்போது இறுகுவது போலத்தான் இருக்கும். காற்று இழுக்கும்போது பிடிமானம் இருக்காது.

எவ்வளவு இழுக்கும் என்று ஒரு மதிப்பீடு. கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான ஐ.எஸ். 875 என்ற இந்திய விதித்தொகுப்பின் மூன்றாம் பகுதி சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரைத் தருகிறது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நீங்களும் அதே கடற்கரையில்தான் இருக்கிறீர்கள். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். சதுர அடிக்கு ஏறத்தாழ 14 கிலோ. கூரையின் வடிவத்தையும், பக்கங்கள் திறந்திருக்கின்றனவா என்பதையும் பொறுத்து இது ஓரிடத்தில் குறையும், ஓரங்களிலும் மூலைகளிலும் கூடும். ஷீட்டின் எடை சதுர அடிக்கு அரைக் கிலோகூட இல்லை. சட்டத்தையும் சேர்த்தால்கூட இரண்டு கிலோ வந்தால் பெரிது. எடையால் உட்கார்ந்திருக்கும் பொருள் இல்லை இது. பிடித்து வைத்திருப்பதால் மட்டுமே நிற்பது.

எனவே கொட்டேஷனில் கேட்க வேண்டியது: தூண்கள் எங்கே உட்காரும், எதில் உட்காரும்? கீழே கான்கிரீட் தூண் வரும் இடங்களுக்கு நேர் மேலே உட்கார வேண்டும். மாடி விரிவாக்கத்துக்கென்று பழைய தூண்களின் கம்பிகளை மேலே நீட்டி விட்டிருந்தால் உங்களுக்கு நல்ல காலம்: தட்டோட்டையும் கலவையையும் அங்கே மட்டும் பெயர்த்து, துருப்பிடித்த கம்பியைச் சுரண்டி, அதைச் சுற்றி ஒரு சிறு கான்கிரீட் குட்டைத் தூண் எழுப்பி, அதற்குள்ளேயே போல்ட்டை நிறுத்தி வார்த்துவிடலாம். கம்பி இல்லையென்றால் கான்கிரீட் வரை தோண்டி, கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் பசை மருந்து விட்டு ஒட்டவைக்கும் போல்ட், போட வேண்டும். துளையிலுள்ள தூசியை ஊதிச் சுத்தம் செய்யாமல் மருந்தை விட்டால் அதுவும் வீண். பெயர்த்த இடங்களில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு யார் செலவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் தூண் நிறுத்தித் தருகிறேன் என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

உங்கள் மூன்று கொட்டேஷன்களிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

9 ஜூன்

திருகு. 26 ஷீட், ஒவ்வொன்றும் ஐந்து பர்லின் மேல், ஒவ்வொரு பர்லினிலும் நான்கு என்றால் 520. ஓரங்களுக்குக் கூடுதலாகப் போட்டு, இணைப்புகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். வாஷர் இ.பி.டி.எம். என்ற, வெயில் தாங்கும் செயற்கை ரப்பராக இருக்க வேண்டும்; மலிவான ரப்பர் நம் வெயிலில் சில ஆண்டுகளில் வெடித்து, ஒவ்வொரு துளையும் ஒரு ஒழுகலாகும். கூரையில் திருகு ஷீட்டின் மேட்டில் இறங்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இறங்கக் கூடாது. வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்குவதும் தளர்வாக விடுவதற்குச் சமமான கெடுதல்.

வெட்டுவது பற்றியும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஷீட்டைக் கட்டிங் வீல் வைத்து வெட்டினால் தெறிக்கும் பொறி பெயிண்டைத் துளைத்துக்கொண்டு பூச்சில் பதியும். சில வாரங்களில் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் துரு. கத்தரியிலோ, தகட்டைக் கொறித்து வெட்டும் நிப்ளரிலோ வெட்ட வேண்டும். துளையிட்ட இரும்புத் தூளை அன்றன்று மாலையே கூரையிலிருந்து பெருக்கித் தள்ள வேண்டும். இதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டும். அதனாலேயே யாரும் செய்வதில்லை.

ஜி.ஐ. பைப்பைப் பற்றவைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். அங்கே கசடைத் தட்டி, துத்தநாகச் சத்துள்ள பிரைமர் அடிக்க வேண்டும். வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்து மறைப்பது பிரைமர் ஆகாது.

12 ஜூன்

கோவையிலிருந்து ஒரு நண்பர், இவ்வளவும் தேவையா, என் வீட்டில் 1.5 பைப்பும் 0.45 ஷீட்டும் எட்டு ஆண்டுகளாக நன்றாகத்தான் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அதே விதித்தொகுப்பு கோவைக்கும் மதுரைக்கும் தரும் வேகம் நொடிக்கு 39 மீட்டர். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 39க்குப் பதில் 50 என்றால் அழுத்தம் 64 சதவீதம் கூடுகிறது. உப்புக்காற்றும் அங்கே இல்லை. கோவையில் ஒருவர் கொடுத்த நல்ல விலையைக் கடலூரில் காட்டிப் பேரம் பேசுவது முறையாகாது.

அவருடைய குறிப்பைப் படித்தபின் 5ஆம் தேதி எழுதியதை மீண்டும் யோசித்துப் பார்த்தேன். அங்கே தடிமனுக்குக் கொடுத்த இடத்தைச் சற்றுக் குறைக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கையில் இருக்கும் பணம் ஓர் அளவுக்குத்தான் என்றால், 550 மெகாபாஸ்கல் வலிமையுள்ள எஃகில் 0.45 ஷீட் எடுத்து, ஓரங்களில் பர்லினை நெருக்கி வைத்து, மிச்சமாகும் தொகையை அடித்தளத்துக்கும் பைப்புக்கும் போடுவதே அறிவு. ஷீட் கெட்டால் பின்னொரு நாள் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் பலவீனம் என்றால் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். பூச்சு எடை 150 என்பதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை.

14 ஜூன்

மாடிப்படி அறையைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லை. நேற்று அனுப்பிய படத்தில்தான் பார்த்தேன். கூரை அந்த அறையின் சுவரில் வந்து முட்டும் இடம்தான் முதல் மழைக்கே ஒழுகும். பெரும்பாலான கொத்தனார்கள் அந்தச் சந்தில் சிமெண்ட் கலவையைப் பூசிவிடுவார்கள். வெயிலில் ஷீட் விரிந்து சுருங்கும்போது கலவை விலகிக்கொள்ளும். அதைவிடக் கெடுதல், ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியப் பூச்சையே தின்றுவிடும். சுவரில் காடி வெட்டி, அதே ஷீட்டில் மடித்த ஃபிளாஷிங் தகட்டை அதற்குள் செருகி, புளிப்பு வாடை வராத நியூட்ரல் சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும். இது ரன்னிங் அடிக் கணக்கில் வரும் தனி வேலை. மூன்று கொட்டேஷனிலும் இல்லை.

கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் கட்டரும் (வாய்க்கால் தகடு) இல்லை. உங்கள் கூரை 134 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லிமீட்டர் வீதம் கொட்டினால் 13,400 லிட்டர், பக்கத்துக்கு 6,700. கட்டர் இல்லாவிட்டால் அவ்வளவும் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் விழும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம் என்பதால் உங்களிடம் தொட்டி ஏற்கெனவே இருக்கும். குழாயை அதுவரை கொண்டுபோய் இணைப்பது வரை விலையில் சேர்த்துக் கேளுங்கள்.

வெயில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பக்கங்கள் திறந்த கூரையென்றால் தளத்தின்மேல் வெயில் நேராக விழாது. கீழ் அறைகளில் வித்தியாசம் நிச்சயம் தெரியும். கூரைக்கடியில் பகலில் உட்கார வேண்டுமென்றால் வெளிர் நிறம் எடுங்கள். அடர் நீலமும் செங்கல் நிறமும் அழகாக இருக்கும், அனலாகவும் இருக்கும்.

16 ஜூன்

உத்தரவாதம். மூன்றாமவர் “15 வருட வாரண்டி” என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். அது ஷீட் செய்யும் ஆலையின் உத்தரவாதமா, பட்டறையின் உத்தரவாதமா? ஆலையினுடையது என்றால் அதன் நிபந்தனைத் தாளை வாங்கி, கடலிலிருந்து எவ்வளவு தொலைவு வரை அது செல்லாது என்ற வரியைத் தேடுங்கள். இப்படியொரு விலக்கு பெரும்பாலும் இருக்கும். ஒழுகலுக்கும் காற்றுக்கும் ஆலை பொறுப்பேற்காது. அது பட்டறைக்காரரின் கைவேலை. அதற்கு அவர் தனியாக எழுதித் தர வேண்டும்.

பணத்தைப் பகுத்துக் கொடுங்கள். பாதிக்கு மேல் முன்பணம் கேட்பவருக்கு உங்கள் வேலை கடைசி வேலையாகிவிடும். சரக்கு மாடியில் இறங்கி, நீங்கள் எடையும் அச்சும் பார்த்தபின் ஒரு பகுதி; சட்டம் நின்றபின் ஒரு பகுதி; கடைசிப் பத்து சதவீதம் மழை பெய்து பார்த்தபின்.

20 ஜூன்

பட்டறைகளுக்கு அனுப்ப ஒரு தாள் எழுதித் தரச் சொன்னீர்கள். இதை அப்படியே படியெடுத்து மூவருக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.

“கூரைப் பரப்பு 33 அடிக்கு 43 அடி, இருபுறச் சரிவு பத்து பாகை, விலை மொத்தத் தொகையாக, ஜி.எஸ்.டி. உட்பட. ஷீட்: பெயிண்ட் அடித்த அலுமினிய-துத்தநாகப் பூச்சு, ஏ.இசட். 150, மொத்தத் தடிமன் 0.50 மில்லிமீட்டர், அடிப்பக்க அச்சுடன். பர்லின்: 60க்கு 40, சுவர் 2 மில்லிமீட்டர், நான்கடி இடைவெளி, ஓர வரிசைகள் மூன்றடி. தூண், ட்ரஸ் ஆகியவற்றின் அளவும் சுவர்த்தடிமனும் மொத்த எடையும் பட்டறை குறிப்பிட வேண்டும். தூண்கள் கான்கிரீட் தூண்களுக்கு நேர் மேலே, குட்டைத் தூண் வார்த்து நிறுத்த வேண்டும். தட்டோடு பெயர்ப்பதும் மீண்டும் பூசுவதும் உட்பட. திருகு இ.பி.டி.எம். வாஷருடன். முகட்டுத் தகடு, மாடிப்படி அறை ஃபிளாஷிங், இருபுறக் கட்டர், தொட்டி வரை குழாய் உட்பட. சாரம், ஏற்றுகூலி, இறக்குகூலி உட்பட.”

ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் தூண்களின் இடத்தையும் அளவையும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இந்தத் தாள் விலையை ஒப்பிடுவதற்கானது. கணக்கிட்டு வடிவமைக்கும் வேலைக்கு இது ஈடாகாது.

2 ஜூலை

புதிய விலைகளைப் பார்த்தேன். முதலாமவர் 4,38,000, இரண்டாமவர் 4,09,000, மூன்றாமவர் 4,21,000. ஒரே வேலைக்கு மூன்று விலை என்பது இதுதான்; வித்தியாசம் 29,000 ரூபாய். ஒரு மாதத்துக்கு முன் 3,48,000 என்று தெரிந்த வேலையில் எவ்வளவு விடுபட்டிருந்தது என்பதும் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

என்னைக் கேட்டால் இரண்டாமவர். விலைக்காக மட்டும் சொல்லவில்லை. நேரில் வந்து, மூலையில் ஒரு தட்டோட்டைப் பெயர்த்து, கலவையின் ஆழத்தைக் கம்பி விட்டுப் பார்த்துவிட்டு, நான்கரை அங்குலம் இருக்கிறது, குட்டைத் தூணுக்கு இவ்வளவு கான்கிரீட் வேண்டும் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற இருவரும் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்தே விலை போட்டவர்கள். மூன்றாமவர் 4,00,000க்கு இறங்கி வரத் தயார் என்கிறார் என்றால், எந்தப் பொருளில் அந்த 21,000 குறைகிறது என்று கேளுங்கள். லாபத்தில் குறைக்கிறேன் என்றால், பழைய 3,48,000இல் அதே லாபம் எங்கே இருந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

19 ஜூலை

வேலை ஆகஸ்டில்தான் தொடங்கும், ஆனால் ஷீட் விலை ஏறும் என்று சொல்லி இப்போதே இறக்கச் சொல்கிறார்கள், இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இறக்கினால் மாடியில் திறந்தவெளியில் அடுக்கி வைக்காதீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஷீட்டுகளுக்கு இடையில் மழைநீர் புகுந்தால் காற்றுப் படாமல் அங்கேயே நின்று, ஒரு மழைக்கே பூச்சைக் கறையாக்கிவிடும். பெயிண்ட் அடித்த ஷீட்டுக்கும் இந்தக் கெடுதல் உண்டு. கீழே கார் நிறுத்துமிடத்தில் மரக்கட்டை வைத்து, ஒரு முனையைச் சற்று உயர்த்தி, தார்ப்பாய் போட்டு, பக்கங்களில் காற்று போக விடுங்கள். அதற்கு இடமில்லையென்றால் விலையை மட்டும் இன்றே எழுத்தில் உறுதிசெய்துகொண்டு, சட்டம் நின்றபின் ஷீட்டை இறக்கச் சொல்லுங்கள். பைப்பை இப்போதே இறக்கலாம். தராசில் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு வண்டியை அனுப்புங்கள்.